சேவ் இருந்தா சாவில்லை

“பழைய சோத்துக்கு யாராச்சும் பிரியாணி வெல கொடுப்பாங்களா?”

என் அண்ணன் இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜெலுத்தோங்கில் அம்மாவின் அடுக்குமாடி வீட்டு ஹாலில். கேட்டது என்னைத்தான், ஆனால் பார்த்தது என் கணவரை. பெண்கள் செய்யும் செலவுக்கு அவர்களுடைய கணவர்களிடம் விளக்கம் கேட்கும் பழக்கம் அவனுக்கு உண்டு. என் கணவர் தட்டை இன்னும் கொஞ்சம் முகத்தருகே கொண்டுபோய்க் குனிந்து சாப்பிட்டார். அவர் புத்திசாலி.

நான் செய்த குற்றம் இதுதான். சின்ன வயதில் நாங்கள் டிவியில் மாட்டி விளையாடிய ஒரு ஜப்பான் கேம், இப்போது ஃபோனுக்கு வந்திருந்தது. விலை எழுபத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு. விளம்பரம் கிடையாது, நடுநடுவே கையேந்துகிற வேலை கிடையாது, ஒரே விலை. வாங்கிவிட்டேன். வாங்கியதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்காமல் அண்ணனிடம் காட்டினேன்.

“எண்பது வெள்ளி. கழுத தேஞ்சு கட்டெறும்பு ஆன கதையா, டிவில இருந்தத இத்துனூண்டு ஃபோனுக்குள்ள அடைச்சிருக்கான், அதுக்கு எண்பது வெள்ளி. அப்ப டிஸ்க்கே அஞ்சு வெள்ளிலா. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னா இதுதான்.”

அஞ்சு வெள்ளி என்று அவன் சொன்னது பொய்யில்லை. அந்த டிஸ்க்கை பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கினோம். மேலே ஒட்டியிருந்த படம் யாரோ மழையில் நனைத்துக் காயவைத்ததுபோல மங்கிக் கிடக்கும். திருட்டு டிஸ்க் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கூடச் சப்பாத்துகூட ஒரிஜினலாக வாங்காத வீட்டில் கேமை யார் ஒரிஜினலாக வாங்குவார்கள்? எழுத்தெல்லாம் ஜப்பான் மொழியில் இருக்கும். எங்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மேலிருந்து இரண்டாவது வரி மருந்து, கடைசி வரி சேவ் என்று இடத்தை வைத்தே தெரிந்துகொண்டோம்.

விலையோடு அண்ணன் நிறுத்தியிருந்தால் நானும் சிரித்துவிட்டு எழுந்திருப்பேன். அவன் நிறுத்தவில்லை. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் திரும்பி, “உங்கம்மா கேம் ஆடின கத தெரியுமா ஒனக்கு?” என்று ஆரம்பித்தான். அந்தக் கதை எனக்கு நன்றாகவே தெரியும். என் கல்யாணத்தில் மேடைக்குக் கீழே மாப்பிள்ளை வீட்டாருக்கு அதைச் சொன்னான். என் மகள் பெயர் சூட்டு விழாவில் ஐயருக்கே சொன்னான்.

அவன் சொல்லும் விதத்தை விட்டுவிட்டு, நடந்ததை நானே சொல்கிறேன்.

வீட்டில் கேம் பெட்டி வந்தபோது அது இரண்டாம் கையோ மூன்றாம் கையோ, யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு கண்ட்ரோலர். அண்ணனுக்குப் பதிமூன்று வயது, எனக்கு ஒன்பது. முதல் நாளே அடிதடி. சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து ஒரு சட்டம் போட்டார்: “செத்தா மாத்தணும்.” யார் விளையாடினாலும், உள்ளே ஆள் செத்துவிட்டால் கண்ட்ரோலர் அடுத்தவர் கைக்கு மாற வேண்டும். நல்ல சட்டம்தான். அம்மாவுக்குத் தெரியாத ஒரு ஓட்டை மட்டும் அதில் இருந்தது.

நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆள் எப்போது சாகும் என்று காத்துக்கொண்டிருப்பேன். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஆங்கிலம் என்றால் ஏ ஃபார் ஆப்பிள்தான். ஒருநாள் அவன் நண்பர்கள் நாலைந்து பேர் ஹாலில் இருக்கும்போது, “ஆ, சேவ் பண்ணிட்டேன்” என்றான். நான் உடனே இரண்டு கையையும் நீட்டினேன். என்ன என்று கேட்டான். “சாவு பண்ணிட்டேல்ல, குடு” என்றேன்.

சாவு என்பதைத்தான் கேமில் கொஞ்சம் நாகரிகமாக சேவ் என்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அதில் என்ன தப்பு? அப்பா என்பதை டாடி என்று சொல்கிற ஊர்தானே இது. நண்பர்கள் தரையில் புரண்டு சிரித்தார்கள். நான் நீட்டிய கையை எப்போது மடக்குவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன். அந்தக் கையைத்தான் முப்பது வருஷமாக எல்லோருக்கும் நடித்துக் காட்டுகிறான்.

அன்றிலிருந்து அம்மாவின் சட்டத்துக்கு அவன் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். “சேவ் இருந்தா சாவில்ல.” ஆள் செத்தாலும் சேவ் செய்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்கலாம், ஆகவே அது சாவுக் கணக்கில் வராது, ஆகவே கை மாற வேண்டியதில்லை. அம்மாவிடம் மேல்முறையீடு செய்தேன். அம்மாவுக்கு சேவும் புரியவில்லை, என் அழுகையும் புரியவில்லை. அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

ஒரு தடவைகூடவா கிடைக்கவில்லை என்று கேட்பீர்கள். அவன் குளிக்கப் போகும்போது கிடைக்கும். ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு, “தொடாத” என்று சொல்லிவிட்டுப் போவான். நான் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். பட்டன்கள் அவன் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். அவ்வளவுதான் நான் விளையாடியது.

ஆனால் பார்த்தேன். அவனைவிட நன்றாகப் பார்த்தேன். கடல் பொங்கி மூழ்கிப்போன ஒரு நாட்டில், ஈட்டி வைத்திருக்கும் ஒரு பெண் படகில் ஊர் ஊராகப் போகிறாள். நாங்கள் அவளுக்கு ஈட்டிக்காரி என்று பெயர் வைத்திருந்தோம். கடைசியில் ஒரு மணிக்கூண்டு. அதற்குள் மலைபோல ஓர் அரக்கன் உட்கார்ந்திருப்பான், தலைக்கு மேல் பெரிய மணியோடு. அவன் மணிக்காரன். ஒரு பள்ளி விடுமுறை முழுக்க அண்ணன் அவனிடம் அடி வாங்கினான். மணி அடிக்கும், மணிக்காரன் ஒரே வீச்சில் ஈட்டிக்காரியைச் சுருட்டிவிடுவான். அண்ணன் திரும்ப வருவான், திரும்பச் சுருட்டப்படுவான். விடுமுறை முடிவதற்குள் பெட்டி படுத்துவிட்டது. பழைய இரும்புக்காரனிடம் போனது. எங்கள் வீட்டில் அந்தக் கதையின் முடிவை யாரும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்திருக்க, அண்ணன் என் மகள் முன்னால் இரண்டு கையையும் நீட்டி, குரலை மெல்லியதாக்கி, “சாவு பண்ணிட்டேல்ல, குடு” என்று நடித்துக் காட்டினான். என் மகள் சிரித்தாள். இத்தனை வருஷமும் நானும் கூடவே சிரித்திருக்கிறேன். உள்ளே எரியும், ஆனாலும் சிரித்து வைப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை.

“நீ மணிக்காரன அடிக்கவே இல்லியே அண்ணே,” என்றேன்.

“நானே அடிக்கல. நீ அடிச்சிருவியா?”

“அடிச்சா?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “தீபாவளிக்குள்ள அவன அடிச்சு முடிச்சுக் காட்டு. அதுக்கப்புறம் இந்தக் கதையச் சொல்ல நான் எங்கயும் வாயத் தொறக்க மாட்டேன். அடிக்கலன்னா ஒன் மவ கல்யாணத்துலயும் சொல்வேன்.”

அம்மா மோர் கொண்டுவந்து வைத்தார். “சரி,” என்றேன். என் கணவர் அப்போதுதான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

எண்பது வெள்ளி கொடுத்து ஃபோனில் எதற்கு, டிவியில் விளையாடலாமே என்று கேட்பவர்கள் என் வீட்டு ஹாலைப் பார்த்ததில்லை. அங்கே டிவிக்கு ஏற்கனவே மூன்று எஜமானர்கள். மாமியாருக்கு சீரியல், கணவருக்குப் பந்து, மகளுக்கு அவளுடையது. எனக்கென்று ஒரு திரை இருக்கிறது என்றால் அது என் உள்ளங்கையில் இருப்பதுதான். எனக்கென்று ஒரு நேரம் இருக்கிறது என்றால் அது கிலாங் பஸ்ஸில், தொழிற்சாலை பஸ்ஸில்தான். மாக் மண்டினில் உலோக பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கும் வேலை செய்கிறேன். காலையில் தீவிலிருந்து பாலம் ஏறி பட்டர்வொர்த் பக்கம் போக வேண்டும், சாயங்காலம் திரும்பி வர வேண்டும். பாலத்தில் பஸ் நின்றால் நிற்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த மாதங்களில்தான்.

முதல் வாரம் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சில் ஏறாது. அண்ணன் சொன்னதில் பாதி உண்மையோ என்றுகூட நினைத்துவிட்டேன். கண்ணாடித் திரையில் பட்டன்களை வரைந்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் கடுகு அளவு. ஈட்டியை வீசக் கட்டைவிரலை வைத்தால், ஈட்டியும் தெரியவில்லை, எதிரியும் தெரியவில்லை, என் விரல்தான் தெரிகிறது. எழுத்துகளோ எறும்பு ஊர்வதுபோல. பழைய கேமை அப்படியே எடுத்துச் சுருக்கி ஃபோனில் போட்டுவிட்டு, டாலர் கணக்கில் விலை வைத்து, அதை நாலால் பெருக்கி நம் தலையில் கட்டுவதற்கு இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு பாகம் என் மேசைக்கு வந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன். இதைப் பக்கத்து இருக்கைக்குக் கேட்கும்படியாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

பக்கத்து இருக்கையில் எப்போதும் உட்காரும் அக்கா பேக்கிங் பகுதியில் வேலை செய்பவர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

“காசு குடுத்தா வாங்கின?”

“எண்பது வெள்ளி, அக்கா.”

“மாஹால்லா,” என்றார். அதிக விலைதான் என்று அவர் சொன்னதில் பரிவு இருந்தது. “குடுத்தாச்சுல்ல, அப்ப செட்டிங்கத் தொறந்து பாரு. குடுத்த காசுக்குத் தேடாம விட்றதா?”

திறந்து பார்த்தேன். பட்டன்களைப் பெரிதாக்கலாம், இடம் மாற்றலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம். இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம், உள்ளே எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஈட்டி பட்டனை வலது கீழ் மூலைக்கு இழுத்துப் போட்டேன். இப்போது என் விரல் எதையும் மறைக்கவில்லை. அடுத்த நாள் பாலம் தாண்டுவதற்குள் முதல் ஊரைத் தாண்டிவிட்டேன். ஒன்பது வயதில் பார்த்த தெருக்கள் எல்லாம் அப்படியே வந்தன. எந்தக் கதவு திறக்கும், எந்தப் பெட்டியில் பாம்பு இருக்கும், எல்லாம் என் விரலுக்கு முன்னால் என் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பஸ் டிரைவருக்கு இரண்டு தடவை நன்றி சொல்லி இறங்கினேன்.

இந்தத் தடவை எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. படகுக்காரர்களும் மீன்காரிகளும் பேசுவது எனக்குப் புரிந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் கதை வேண்டும். ஆகவே யார் என்ன பேசினாலும் நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வரியைத் தாண்டினாலும், “அவன் என்னமோ சொன்னானே” என்று பிடித்துக்கொள்வார். மூன்றாவது ஊரில் ஒரு படகுக்காரன், ஒரு காரணமும் இல்லாமல், “மணி பேசும்போது ஈட்டியைக் கீழே வை, கேட்கிறவரை அது கொல்லாது” என்றான். சொன்னேன். அக்கா, “பொழைக்கத் தெரிஞ்சவன்” என்று அவனைப் பாராட்டினார்.

ஒருநாள் அவரே கேட்டார். “இதுக்கு மாசம் எவ்ளோ கட்டணும்?”

“மாசம் இல்லக்கா. ஒரே தடவதான்.”

“அப்ப முடிவு வருமா?”

“வரும்.”

“நான் பதினஞ்சு வருஷமா சீரியலுக்கு மாசாமாசம் கட்டறேன். ஒரு கத முடிஞ்சு பாத்ததில்ல. இது பரவால்லியே.”

நியாயமா அநியாயமா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் எங்கும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அது நியாயமான விலை என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்பது வயதில் அந்த அடுக்குமாடியில் இருந்த எனக்கு எண்பது வெள்ளி என்றால் அது நிலவின் விலை. இன்றும் அதே மாடியில் யாரோ ஒரு பெண் இருப்பாள், அவளுக்கு இது நியாயமே இல்லை. ஆனால் பழையது என்பதற்காக மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்களுக்குத்தான் அது பழையது. நான் இன்னும் தொட்டே பார்க்காத ஒன்று எனக்கு எப்படிப் பழையதாகும்?

இதற்கு நடுவில் அண்ணன் சும்மா இருக்கவில்லை. நான் மூன்றாவது ஊரைத் தாண்டிவிட்டேன் என்று அம்மா வழியாகக் கேள்விப்பட்டவுடன் அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் காசு கொடுத்து வாங்குவானா? ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று சொல்வார்களே, அந்த ஜாதி. எங்கிருந்தோ அதே கேமின் திருட்டுப் பதிப்பை இறக்கிக்கொண்டான். ஒரு வாரம் கழித்து எனக்கு ஃபோன் வந்தது.

“என்ன பண்ற?”

“சமைக்கிறேன் அண்ணே.”

“ம்.” பிறகு, ஏதோ மழை பெய்கிறதா என்று கேட்பதுபோல, “ஒன்னோடதுல சேவ் ஆகுதா?” என்றான்.

அடுப்பைத் தணித்துவிட்டு ஃபோனை நன்றாகக் காதில் வைத்துக்கொண்டேன். “ஆகுதே. ஏன்?”

“எனக்கு ஆகல. மூடிட்டுத் தொறந்தா மொதல்லேர்ந்து வருது. நாலு தடவ அந்த மொத ஊரயே சுத்திட்டேன்.”

“சேவ் இல்லன்னா சாவுதான் அண்ணே,” என்றேன்.

அவனுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. “எண்பது வெள்ளி குடுத்து வாங்கித் தொலைங்களேன். சும்மா கெடைக்குதுன்னு ஆடற அந்த இன்னொரு கேமுக்கு மாசாமாசம் டைமண்டு வாங்கறீங்க. எனக்கு ஒரு மூக்குத்திக் கல்லு வாங்கித் தந்ததில்ல.” அண்ணன் அவசரமாக வைத்துவிட்டான். அன்று வைத்த சாம்பார் அமோகமாக வந்தது.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பஸ் பாலத்தின் நடுவில் நிற்கும்போது, நான் மணிக்கூண்டின் கதவுக்கு வந்து சேர்ந்தேன். சேவ் செய்தேன். ஃபோனை மூடிப் பைக்குள் வைத்தேன்.

“உள்ள போகலியா?” என்றார் அக்கா.

“இல்லக்கா. இதப் பாக்க ஒரு ஆள் வேணும்.”

“தோத்துட்டா?”

அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டாம். மணிக்காரனோடு ஒரு தடவைகூடச் சண்டை போட்டுப் பார்க்காமல், நேராக அண்ணன் முன்னால் போய் உட்காரப் போகிறேன். தோற்றால் என் மகள் கல்யாணம் வரைக்கும் அந்தக் கதை வரும். என் மகளின் மாமியாருக்கு நான் இரண்டு கையை நீட்டிய பெண்ணாகத்தான் அறிமுகமாவேன். ஆனால் தனியாக ஜெயித்துவிட்டு வந்து சொன்னால் அவன் நம்ப மாட்டான் என்பதும் தெரியும். அது போக, அந்த ஹாலில்தான் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. வேறெங்கு ஜெயித்தாலும் அது பாதிதான்.

தீபாவளியன்று மத்தியானம், வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, அம்மா வீட்டு ஹாலில் நாங்கள் மட்டும் இருந்தோம். முறுக்கு டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு, முன்பு டிவிக்கு எதிரே அண்ணன் உட்கார்ந்து விளையாடிய அதே இடத்தில் நான் தரையில் உட்கார்ந்தேன். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். வலது பக்கம். சின்ன வயதில் நான் எப்போதும் உட்கார்ந்த பக்கம். அவன் அதைக் கவனித்தானா என்று தெரியவில்லை. அண்ணி, என் கணவர், மகள் எல்லோரும் பின்னால் நின்றார்கள். அம்மா நாற்காலியில் இருந்தார்.

கதவைத் திறந்தேன்.

மணிக்காரன் அப்படியேதான் இருந்தான். ஒரு வயதுகூட ஏறவில்லை. என் உள்ளங்கை வியர்த்தது. இரண்டு தடவை சேலையில் துடைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் நன்றாகவே அடித்தேன். அண்ணனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

“எடது கால அடி. எடது கால்லா. ஆ, அப்டித்தான். தள்ளிப் போ. மருந்து சாப்பிடு. இப்ப அடி.”

மருந்து தீர்ந்தது. ஈட்டிக்காரியின் உயிர்க்கோடு சுருங்கிச் சுருங்கி, ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்றாக நின்றது. மணிக்காரனுக்கும் அதிகம் பாக்கி இல்லை. அப்போது மேலே அந்தப் பெரிய மணி அசைந்தது.

அண்ணன் முட்டிபோட்டு எழுந்தான். இந்த இடத்தில்தான் அந்த விடுமுறை முழுக்க அவன் செத்தான். “அடி,” என்றான். “அடிச்சிரு. அவன் வீசறதுக்குள்ள நீ அடிச்சிரு. அடிலா.”

மணி பேசும்போது ஈட்டியைக் கீழே வை. பசார் மாலாம் டிஸ்க்கிலும் அந்தப் படகுக்காரன் இதைத்தான் சொல்லியிருப்பான். ஜப்பான் மொழியில் சொன்னான், நாங்கள் பட்டனைத் தட்டித் தட்டி அவனைத் தாண்டிப் போனோம். அண்ணன் அத்தனை தடவையும் மணிச் சத்தத்தில்தான் அடித்தான். அதனால்தான் செத்தான்.

நான் இரண்டு கட்டைவிரல்களையும் திரையிலிருந்து தூக்கிவிட்டேன்.

ஃபோனில் ஈட்டியைக் கீழே வைப்பதற்குத் தனிப் பட்டன் இல்லை. தொடாமல் இருந்தால் ஈட்டிக்காரி தானாக அதைத் தாழ்த்துவாள். பார்ப்பவர்களுக்கு நான் கை விட்டுவிட்டதுபோலத்தான் இருந்திருக்கும். அண்ணன் அப்படித்தான் நினைத்தான். அவனுடைய வலது கை என் முகத்துக்கும் ஃபோனுக்கும் நடுவில் வந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

“குடு. அவ்ளோதான், முடிஞ்சிருச்சு. குடு, நான் பாத்துக்கறேன்.” பிறகு, நாற்பது தாண்டிய அந்த மனிதன் தலையைத் திருப்பி, “அம்மா, செத்தா மாத்தணும்தானே?” என்றான்.

அம்மா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். சேவ் இன்னும் அவருக்குப் புரியாது. சட்டம் போட்டவருக்குச் சட்டம் மட்டும் தெரியும்.

“அவ சாகலியே,” என்றார்.

மணியின் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. மணிக்காரன் கையை வீசினான். அந்த வீச்சு ஈட்டிக்காரியின் தலைக்கு மேலே காற்றைப்போலப் போனது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். மணி ஓய்ந்தது. நான் கட்டைவிரலை வலது கீழ் மூலையில் வைத்தேன், நான் இழுத்துப் போட்ட இடத்தில், ஒரே அழுத்து.

மணிக்காரன் விழுந்தான்.

மணிக்கூண்டு இடிந்தது, கடல் வடியத் தொடங்கியது. முதலில் கோயில் கோபுரம்போல ஏதோ ஒன்று தண்ணீருக்கு வெளியே வந்தது. பிறகு கூரைகள், பிறகு தெருக்கள். மீன்காரி ஒருத்தி தன் வீட்டு வாசலில் சேற்றைத் தள்ளிக் கூட்டினாள். ஈட்டிக்காரி ஈட்டியை மண்ணில் ஊன்றி, அதில் துணி காயப்போட்டாள். அவ்வளவுதான் முடிவு. அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வெட்கமில்லை. அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தவள் நான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்னவனுக்கு வாயில் சர்க்கரை போட வேண்டும்.

“இதுதானா,” என்றான் அண்ணன், மெதுவாக. “துணி காயப் போடறா.” அவன் குரலில் கேலி இல்லை. பதிமூன்று வயதில் ஒரு விடுமுறை முழுக்க அவன் பார்க்க ஆசைப்பட்டதும் இதுதான். அந்த ஆசை எனக்கு மட்டும் இருந்ததாக நினைத்தது என் தப்பு.

திரையில் கடைசிக் கேள்வி வந்தது. தொட்டேன்.

அவனுடைய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. முடிவைப் பார்த்ததில் மடக்க மறந்துவிட்டான். நான் அந்தக் கையைப் பார்த்தேன், பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன்.

“சேவ் பண்ணிட்டேன் அண்ணே.”

முதலில் சிரித்தது அண்ணி. பிறகு என் மகள், பிறகு என் கணவர், அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அரிது. கடைசியில் அண்ணனே சிரித்துவிட்டான். கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். “சரி, வாயத் தொறக்க மாட்டேன்,” என்றான். நான் கேட்காமலே சொன்னான்.

அம்மா எல்லோருக்கும் தேநீர் போட்டார். அண்ணன் தன் ஃபோனை எடுத்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

“எவ்ளோன்னு சொன்ன?”

மாதக்கணக்கில் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த விலை அவனுக்கு மறந்துபோயிருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் பொறுமையாகச் சொன்னேன். “எழுபத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.”

“ஆஃபர் ஏதும் வராதா?”

ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறைக்கு அந்தக் கம்பெனி கேம்கள் எல்லாம் அரை விலைக்கு வரும். போன வருஷம் மற்ற கேம்கள் அப்படி வந்ததை நான் பார்த்தேன். இன்னும் சில வாரம்தான் பாக்கி.

“வராது அண்ணே,” என்றேன்.

முழு விலை கொடுத்து வாங்கினான். நியாயமான விலைதான்.